குறைவுக்கான காரணம்

மணல்வெளித் தெருவில் நூற்றுப் பன்னிரண்டு வீடுகள். அத்தனை வீடுகளிலும் கதிரவன் ஒரே வித்தையைக் காட்டியிருக்கிறான். பையிலிருந்து ஒன்பது வாட் எல்.இ.டி. பல்பை எடுப்பான். அந்த வீட்டு ஹோல்டரிலேயே மாட்டி எரியவிடுவான். ஐந்து நிமிடம் யூனிட் கணக்குச் சொல்லுவான். யாருக்கும் புரியாது. கடைசியில், "கையால தொட்டுப் பாருங்க, சுடாது" என்பான். தொட்டுப் பார்ப்பார்கள். சுடாது. உடனே பழைய குண்டு பல்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் புதியதை வாங்கிக்கொள்வார்கள்.

பசுஞ்சுடர் அறக்கட்டளையின் காரைக்கால் கிளையில் அவனும் சித்திக்காவும் மட்டும்தான். தலைமை அலுவலகம் புதுச்சேரியில். அங்கிருந்து வந்த விதிகள் இரண்டு. வாங்குகிற குண்டு பல்பு எரிகிற பல்பாக இருக்க வேண்டும். அதை வீட்டுக்காரர் கண்ணெதிரில் உடைக்க வேண்டும்.

முதல் விதிக்கு யாரும் ஆட்சேபம் சொல்லவில்லை. இரண்டாவதுக்குத் தெருவே திரண்டது. "எரியிற வெளக்க வாசல்ல வச்சு ஒடைப்பீங்களா? வெளங்குமா இந்த வூடு?" என்று கேட்டார்கள். இந்துக்கள் கேட்டார்கள், முஸ்லிம்கள் கேட்டார்கள். அந்த ஒரு விஷயத்தில் தெரு ஒற்றுமையாக இருந்தது. உடைக்காமல் சாக்கில் போட்டு அலுவலகத்துக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே சித்திக்காவுக்குக் கை வரவில்லை. "ஒடைக்கச் சொன்னவரு மொதல்ல அவரு வூட்டு வாசல்ல ஒடைச்சுக் காட்டட்டும் தம்பி" என்றாள். இருநூற்றுப் பதினான்கு பல்புகளையும் 'உடைக்கப்பட்டது' என்று பதிவேட்டில் எழுதி, சாக்கை மூலையில் வைத்துவிட்டாள்.

துண்டுப் பிரசுரமும் அப்படித்தான் ஆயிற்று. 'அணைப்போம் விளக்கை!' என்று பெரிய எழுத்தில் அச்சிட்டு ஐந்நூறு பிரதி அனுப்பியிருந்தார்கள். இந்தப் பக்கம் விளக்கைக் குளிர வைப்பார்கள். அமர்த்துவார்கள். அணைக்க மாட்டார்கள். ஒருவரும் அதைச் சுவரில் ஒட்டவில்லை. பின்பக்கம் வெள்ளையாக இருந்ததால் பிள்ளைகள் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். ஐந்நூறும் தீர்ந்துவிட்டது என்று கதிரவன் அறிக்கை அனுப்பினான். அது உண்மைதான்.

ஏப்ரலிலிருந்து ஜூன் வரை மூன்று மாதம் போட்டி. போன வருடம் இதே மூன்று மாதத்தில் ஓடிய யூனிட்டோடு ஒப்பிட்டு, அதிகம் குறைத்த வீடு 'முன்மாதிரி வீடு'. அப்படி ஒரு வீட்டைக் காட்ட முடியாத கிளையை ஜூலையில் மூடிவிடுவார்கள். கதிரவனை நாகப்பட்டினத்துக்கோ கடலூருக்கோ மாற்றுவார்கள். சித்திக்காவை எங்கும் மாற்ற மாட்டார்கள். அவளுக்கு வேலை போகும். சவூதியிலிருந்து முதுகெலும்பு தேய்ந்து திரும்பிய கணவர் வீட்டில் படுத்திருக்கிறார். அவள் சம்பளத்தில்தான் வீடு நடக்கிறது.

ஜூன் இருபத்து மூன்றாம் தேதி கணக்கெடுக்கப் போனபோதே முடிவு தெரிந்துவிட்டது. செல்லக்கண்ணு வீட்டில் மாட்டுக்கொட்டகையில் ஒரு பல்பு எரிந்தது. வைக்கோல் போர் பக்கத்தில் ஒன்று. கிணற்றடியில் ஒன்று. பகல் பதினோரு மணி.

"இதெல்லாம் எப்பங்க போட்டீங்க?" என்று கதிரவன் கேட்டான்.

"நீ கொடுத்துட்டுப் போன மறுநாளே கடையில நாலு வாங்கிட்டேன்" என்றார் செல்லக்கண்ணு. ஆறு மா நிலம், அதாவது இரண்டு ஏக்கர், இரண்டு மாடு. எதையும் நிதானமாகச் செய்கிறவர். "அதான் கரண்டே இழுக்காதுன்னியே."

"கொறைவா இழுக்கும்னு சொன்னேன்."

"அதத்தான் நானும் சொல்றேன்."

"பகல்லயும் எரியுதே மாமா?" என்றாள் சித்திக்கா.

"சுவிட்சு வைக்கல புள்ள. ஒயர்ல நேராக் கொடுத்துட்டேன். கரண்டே இழுக்காததுக்குச் சுவிட்சு எதுக்கு?"

"மாடு என்னா பரிச்சைக்கா படிக்குது?"

"ஏன், எம் மாடு இருட்டுலயே கெடக்கணுமா? ஒங்க ஆபீஸ்ல அப்புடி ஒரு ரூல் இருக்கா?"

தெரு முழுக்க இதே கதை. ஒரு குண்டு பல்பு எரிந்த இடத்தில் மூன்று எல்.இ.டி. இரவும் பகலும் எரிந்தது. மொத்தக் கணக்கில் மணல்வெளித் தெரு போன வருடத்தைவிட எட்டு சதவீதம் கூடுதலாக மின்சாரம் செலவழித்திருந்தது. நூற்றுப் பன்னிரண்டில் ஐந்து வீடுகள் மட்டும் குறைந்திருந்தன. பட்டியலில் முதல் வீட்டைப் பார்த்துவிட்டுப் புதுச்சேரியிலிருந்து திட்ட மேலாளர் அன்பழகன் மறுநாள் காலையே கேமராவோடு கிளம்பி வந்தார்.

எண்பத்தெட்டு சதவீதம் குறைத்த அந்த வீடு கதிரவனுடையது.

"நம்ம ஆளு வீடே முதல் வீடு!" அன்பழகன் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டார். "சொல்றதைச் செய்யிற மனுசன். இதைவிட என்ன வேணும்? சித்திக்காம்மா, நான் சொல்லச் சொல்ல எழுதிக்குங்க."

சித்திக்கா நோட்டைத் திறந்தாள். கதிரவன் முகத்தைப் பார்த்தாள். பேனாவைப் பார்த்தாள்.

"ஃபிரிட்ஜ் ஓடலையே?"

"நிறுத்திட்டேன் சார்."

"எப்பலேருந்து?"

"அக்டோபர்லேருந்து."

"இந்த வெயில்லயும்! எழுதிக்குங்கம்மா. கிரைண்டர்?"

"ஓட்றதில்ல."

"மாவுக்கு என்ன பண்றீங்க?"

"கடையில இட்லி வாங்கிக்கிறேன்."

அன்பழகன் ஒரு கணம் யோசித்தார். "பத்து வீட்டுக்குப் பத்து கிரைண்டர் ஓடாம ஒரே இடத்துல ஓடுது. இப்படி ஒரு கோணம் எனக்குத் தோணவே இல்ல பாருங்க. டிவி?"

"போடறதில்ல சார்."

"அப்ப வீட்டுல ஒருத்தருக்கொருத்தர் பேசுற நேரம் கூடியிருக்கும்."

கதிரவன் டிவிமேல் இருந்த தூசியைத் துடைத்தான்.

"அதையும் எழுதிக்குங்க" என்றார் அன்பழகன். ஜன்னலோரம் துணி போட்டு மூடியிருந்த தையல் மெஷினைத் தொட்டு, அதன் மோட்டார் ஒயர் பிடுங்கிச் சுற்றிவைக்கப்பட்டிருப்பதைப் பார்த்து, தானாகவே ஒரு முறை தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு உள்ளறைக்குள் போனார். அங்கிருந்து அவர் குரல் வந்தது.

"என்ன கதிரவன், இங்க ஜீரோ வாட் எரியுது? பேருதான் ஜீரோ. பதினஞ்சு வாட் இழுக்கும். ட்ரெயினிங்ல நீங்களே எல்லாருக்கும் சொன்னீங்களே! இதுக்கும் அரை வாட்ல எல்.இ.டி. வந்தாச்சு. இந்த ஒண்ணையும் மாத்திட்டா..."

குரல் நின்றது. சிவப்பு பல்பைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அது எதன்மேல் எரிகிறது என்று அப்போதுதான் பார்த்திருக்க வேண்டும்.

வெளியே வந்தபோது கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். "எப்ப?"

"அக்டோபர்ல சார்."

"லீவு போட்டப்ப சொந்தக் காரணம்னு எழுதியிருந்தீங்க."

"ஆமா சார்."

"ஒரு வார்த்தை சொல்லலையே. மாசா மாசம் படிவத்துல உறுப்பினர்கள் ரெண்டுன்னே வருதே?"

மாதாமாதம் செயலியில் 'உறுப்பினர்கள்: 2. மாற்றம் உண்டா?' என்று வரும். தன் வீட்டுக்கு அவனே 'இல்லை'யை அழுத்துவான். சித்திக்கா பார்த்துக்கொண்டு நிற்பாள்.

மனைவி தேவிகா மூன்று நாள் காய்ச்சலில் போனாள். அதற்கு முன் இந்த வீட்டில் மாதம் நூற்று நாற்பத்தெட்டு யூனிட் ஓடியது. அவள் வீட்டிலேயே ரவிக்கை தைத்தாள். மோட்டார், இஸ்திரிப் பெட்டி, தைக்கும்போது கேட்பதற்கு டிவி, வாரம் இரண்டு முறை கிரைண்டர். அவள் போனதும் ஒவ்வொன்றாக நின்றது. யாரும் சேமிக்கவில்லை. போட ஆளில்லை, அவ்வளவுதான்.

ஜீரோ வாட் பல்பு மாமியார் ராஜத்தின் ஏற்பாடு. தேவிகாவின் படத்துக்குச் சட்டம் போட்ட கடையிலேயே பல்பையும் சேர்த்து மாட்டித் தந்தார்கள். தலைத்திவசம் வரைக்கும் அமரக் கூடாது என்று சொல்லிவிட்டுத் திருநள்ளாற்றுக்குப் போனார். ஞாயிறுதோறும் போன் செய்வார். "பல்பு எரியுதா மாப்ள?" என்பார். "எரியுது அத்தை" என்பான். பேச்சு முடிந்துவிடும். கதிரவன் கணக்குப் போட்டு வைத்திருக்கிறான். பதினைந்து வாட், இருபத்து நான்கு மணி நேரம், முப்பது நாள். பதினோரு யூனிட். வீட்டில் இப்போது ஓடுவது மாதம் பத்தொன்பது யூனிட். அதாவது இந்த வீட்டு மின்சாரத்தில் பாதிக்குமேல் இன்னமும் தேவிகாதான் செலவழிக்கிறாள்.

அன்பழகன் கெட்ட மனிதர் இல்லை. உட்கார்ந்தார். தண்ணீர் வாங்கிக் குடித்தார். உண்மையாகவே வருத்தப்பட்டார். வருத்தம் முடிந்ததும் செயலியைத் திறந்தார்.

"பட்டியல் மேல போயிடுச்சு கதிரவன். 'குறைவுக்கான காரணம்'னு ஒண்ணு நிரப்பணும். நாலுதான் கொடுத்திருக்கான். எல்.இ.டி. பல்பு. நட்சத்திரக் குறியீட்டுக் கருவி. சூரிய ஒளி. பழக்க மாற்றம்." மெதுவாக நிமிர்ந்தார். "பழக்க மாற்றம்னு போட்டுடலாம். அது ஒண்ணும் பொய் இல்லையே?"

"என் வீட்டை எடுத்துடுங்க சார்."

"எடுக்க வழியில்ல. பூட்டிட்டாங்க. இனிமே முப்பதாம் தேதி ரீடிங்தான் மாத்தும். அதுவும் இந்த ரீடிங்கை வச்சு எப்படி மாறும்? அஞ்சாம் தேதி விழா. மேடையில இதெல்லாம் சொல்ல வேண்டாம். எப்படிக் குறைச்சோம்னு ரெண்டு வார்த்தை போதும். பரிசு என்ன தெரியுமா? அஞ்சு நட்சத்திர ஃபிரிட்ஜ்."

"ரெண்டாவது யாரு சார்?"

"நூகுன்னு ஒருத்தர். எழுபத்தேழு சதவீதம். ரொம்பப் பின்னால." எழுந்து வாசலுக்குப் போனவர் திரும்பி வந்து கதிரவன் தோளைத் தொட்டார். என்ன சொல்வதென்று தெரியாமல், "நல்லா பண்ணியிருக்கீங்க" என்றார்.

அவர் கார் போனதும் சித்திக்கா எழுதியதைக் கிழித்து மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"நூகு பாய் வீட்டுல எப்புடிக் கொறைஞ்சுதுக்கா?" என்றான் கதிரவன்.

"குடும்பத்தோட துபாய்ல மவன் வூட்டுக்குப் போயி மூணு மாசம் ஆவுது. மார்ச்சுக் கடைசியில போனாங்க. வூடு பூட்டிக் கெடக்கு. ஆளில்லாத வூடு இருண்டு கெடக்கக் கூடாதுன்னு வாசல்ல ஒண்ணு, மாடியில ஒண்ணு எரியவிட்டுட்டுப் போயிருக்காக. ஃபிரிட்ஜும் ஓடுது."

"அப்ப அவங்களும் சேமிக்கல."

"இந்தத் தெருவுல ஒருத்தரும் சேமிக்கல தம்பி. எனக்காகப் பாக்காத. வேலை போனா இன்னொண்ணு. நீ மேடையேற வேணாம்."

"ஏறாம இருந்தா ஆபீஸை மூடிடுவாங்க. ஏறினா..." நிறுத்தினான். "அவ செத்ததுக்கு என்னால கைதட்டு வாங்க முடியாதுக்கா."

இருவரும் சற்று நேரம் மீட்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அது எப்போதாவது ஒரு முறை சிவப்பாகக் கண் சிமிட்டியது. கதிரவன் காகிதம் எடுக்கவில்லை. மனதிலேயே போட்டான். மூன்று மாதத்தில் இதுவரை ஓடியது ஐம்பத்திரண்டு யூனிட். நூகு பாய்க்குக் கீழே போக குறைந்தது நூற்று மூன்று ஓட வேண்டும். மீதி ஆறு நாள்.

"அம்பத்தோரு யூனிட்" என்றான்.

"ஆறு நாள்லயா? ஏந் தம்பி, இதென்ன கலியாண வூடா?"

"ஆபீஸ்ல அந்தச் சாக்கு இருக்குல்ல?"

சித்திக்காவுக்குப் புரிய இரண்டு நொடி ஆயிற்று. "அதெல்லாம் ஒடைச்சதா எழுதியிருக்கேன்."

"நல்லதாப் போச்சு. யாரும் தேட மாட்டாங்க."

அன்று மதியமே ஏழு பல்பு வந்தது. எல்லாம் நூறு வாட். வாசல், கூடம், உள்ளறை, அடுப்படி, குளியலறை, கொல்லை, தையல் மெஷின் இருந்த ஜன்னலோரம். தானே மாட்டிய ஒன்பது வாட் பல்புகளைத் தானே கழற்றிவிட்டு, தெருவில் யார் யார் வீட்டிலோ வருடக்கணக்காக எரிந்த பல்புகளை மாட்டினான். ஃபிரிட்ஜுக்குச் சுவிட்சைப் போட்டான். ஒரு உதறு உதறி ஓட ஆரம்பித்தது. டிவியைப் போட்டான். மின்சாரச் சிக்கனம் பற்றி ஊருக்குப் பாடம் எடுத்தவன் வீட்டில் பட்டப்பகலில் ஏழு சூரியன்.

ஜூன் மாத வெயிலோடு பல்புகளின் சூடும் சேர்ந்து வீடு வெந்தது. செல்லக்கண்ணு சைக்கிளை நிறுத்தி எட்டிப் பார்த்தார்.

"என்னா கதிரவா, வூட்டுல விசேஷமா?"

"இல்லீங்க."

"குண்டு பல்பு மாதிரில்ல தெரியுது?"

"ஒரு டெஸ்டிங்."

"எம் மாட்டுக்கு ஒத்த பல்பு போட்டதுக்கு அம்மாம் பேச்சு பேசினீங்க. கோழி முட்டைய வச்சா மூணு நாள்ல பொரிச்சுடும் போலருக்கே!" சைக்கிளை மிதித்துக்கொண்டு போனார். தெரு முனை வரைக்கும் அவர் சிரிப்பு கேட்டது.

இரண்டு நாள் கழித்து மீட்டரைப் பார்த்தான். ராத்திரியில் சூடு தாங்காமல் பல்புகளை அமர்த்தியதில் பதினைந்துதான் ஏறியிருந்தது. போதாது. இஸ்திரிப் பெட்டியைப் போட்டு இருந்த சட்டைகளையெல்லாம் தேய்த்தான். தேய்த்ததையே மறுபடி தேய்த்தான். கிரைண்டரில் வெறும் தண்ணீரை விட்டு ஓட்டினான். பிறகு தையல் மெஷினின் துணியை எடுத்தான். மோட்டார் ஒயரைப் பிரித்துச் செருகினான். அது நாள் முழுக்க ஓடினாலும் ஒரு யூனிட் வராது என்பது அவனுக்குத் தெரியும். அந்தக் கணக்கை அப்போது அவன் போடவில்லை. உட்கார்ந்து பெடலை அழுத்தினான். ஊசிக்கடியில் துணி இல்லை, நூல் இல்லை. மோட்டார் கடகடவென்று ஓடியது.

மதில் சுவருக்கு அந்தப் பக்கம் சுகிர்தா துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். தேவிகாவிடம் ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தவள். மோட்டார் சத்தம் கேட்டால் சுவரோரம் வந்து ஏதாவது கேட்பது அவள் வழக்கம்.

"தேவிகாக்கா, என்னோட அந்தப் பச்ச..."

கதிரவன் காலை எடுத்தான். மோட்டார் நின்றது. சுவருக்கு அப்பால் ஒரு வாளி கீழே வைக்கப்படும் சத்தம் கேட்டது. அப்புறம் சின்னக் குரலில், "அண்ணே, நீங்களா?" என்றாள்.

"ஆமாம்மா."

"சரிண்ணே."

அவன் மறுபடி பெடலை அழுத்தினான். சாயங்காலம் வரை அழுத்தினான். டிவியில் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். ஃபிரிட்ஜ் ஓடியது. கிரைண்டர் அடுப்படியில் உருண்டது. இந்த வீடு இப்படித்தான் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது என்பது ஒன்பது மாதத்தில் அவனுக்கு மறந்தே போயிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ராஜத்தின் போன் வந்தது.

"பல்பு எரியுதா மாப்ள?"

"எரியுது அத்தை. எல்லாமே எரியுது."

"என்ன சத்தம் அங்க? யாரும் வந்துருக்காங்களா?"

"யாரும் வரல."

மறுமுனையில் ராஜம் வழக்கம்போல் போனை வைக்கவில்லை. ஏதோ கேட்டுக்கொண்டிருப்பதுபோல் இருந்தது. "மிஷின் சத்தம்" என்றார். பிறகு வைத்துவிட்டார்.

முப்பதாம் தேதி காலை சித்திக்கா செயலியோடு வந்தாள். மீட்டரைப் படம் எடுத்தாள். நூற்று நான்கு.

"தோத்துட்ட தம்பி" என்றாள். அதைச் சொல்லும்போது முகம் மலர்ந்திருந்தது. பிறகு விரலால் தள்ளிக்கொண்டே வாசித்தாள். "இது என்னாமோ கேக்குது. 'திடீர் உயர்வுக்கான காரணம்.' இதுக்கும் நாலு கொடுத்துருக்கான். விருந்தினர் வருகை. புதிய கருவி. மீட்டர் பழுது. கவனக்குறைவு. என்னா போட?"

"கவனக்குறைவு."

போட்டாள். அடுத்த பக்கம் வந்தது. அவள் வாசிக்கவில்லை. திரையை அவன் பக்கம் திருப்பிப் பிடித்தாள். 'உறுப்பினர்கள்: 2. மாற்றம் உண்டா?'

கதிரவன் பார்த்துக்கொண்டு நின்றான். மீட்டர் ஓயாமல் கண் சிமிட்டியது.

"நீங்களே போடுங்கக்கா" என்றான். "ஒண்ணு."

சித்திக்கா போட்டாள்.

ஜூலை ஐந்தாம் தேதி விழா நடந்தது. முந்திய நாள்தான் துபாயிலிருந்து வந்திருந்த நூகு பாய், பெட்டி பிரிக்க நேரமில்லாமல் மேடையேறினார். எதற்குக் கூப்பிட்டார்கள் என்று அவருக்குப் பாதிதான் புரிந்திருந்தது. ஆனால் மைக்கைக் கண்டு பயப்படுகிற ஆள் இல்லை. "எல்லாம் ஆண்டவன் கிருபை. எங்க வூட்டுல தேவையில்லாம ஒரு சுவிட்சத் தொட மாட்டோம்" என்றார். கீழே உட்கார்ந்திருந்த அவர் மனைவி கமர் நிஷா, "தொடறதுக்கு அங்க யாரு இருந்தா" என்று பக்கத்திலிருந்தவர்களுக்குக் கேட்கும்படியாகவே சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். ஏற்கனவே மூன்று ஃபிரிட்ஜ் ஓடுகிற வீட்டுக்கு நான்காவது போயிற்று. குறைவுக்கான காரணம் 'பழக்க மாற்றம்' என்று பதிவானது. கிளைக்கு இன்னும் ஒரு வருடம் நீட்டிப்பு வந்தது.

"சாக்கப் பாக்க ஆளு வர்றாங்களாம் தம்பி" என்றாள் சித்திக்கா, பந்தலை விட்டு வெளியே வந்ததும். "இருநூத்திப் பதினாலுக்கும் ஒடைஞ்ச கண்ணாடி காட்டணும். ஏழு கொறையுது."

கதிரவன் வீட்டுக்குப் போனான். போட்டி முடிந்து ஐந்து நாள் ஆகியும் பல்புகளைக் கழற்றவில்லை. ஏன் என்று அவனைக் கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. ஸ்டூலைப் போட்டு ஒவ்வொன்றாகக் கழற்றினான். வாசலில் இருந்ததும் கொல்லையில் இருந்ததும் ஆறியிருந்தன. தையல் மெஷினுக்கு மேலே இருந்தது மட்டும் எரிந்துகொண்டிருந்தது. சுவிட்சை அமர்த்தினான். உடனே கையை வைத்தான்.

சுட்டது.

பல்பை விடவில்லை. விட்டால் உடையும். மெஷின்மேல் வைத்துவிட்டுத்தான் கையை உதறினான். மூன்று விரல்களும் சிவந்திருந்தன. "அம்மா" என்று வாய்விட்டுச் சொன்னது அவனுக்கே கேட்டது. கண்ணில் நீர் வந்தது. சூட்டுக்கு வருவதைவிட அதிகமாக வந்தது.

அடுப்படிக்குப் போய் ஃபிரிட்ஜைத் திறந்தான். உள்ளே ஐஸ் தட்டைத் தவிர ஒன்றும் இல்லை. அது நிறைந்து உறைந்திருந்தது. ஒரு கட்டியை எடுத்து விரல்களில் அழுத்திக்கொண்டு, அது முழுவதும் கரையும்வரை நின்றான். பிறகு தட்டில் தண்ணீர் ஊற்றி மறுபடி உள்ளே வைத்தான். ஃபிரிட்ஜை நிறுத்தவில்லை.